உயிரினங்களின் எண்ணிக்கையும் உறவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரித்தொகை என்பது என்ன?

ஒரே இனத்தைச் சேர்ந்து, ஒரே காலத்தில் ஒரே பரப்பில் வாழ்ந்து, தமக்குள் இணைசேரும் வாய்ப்புள்ள உயிரினங்களின் கூட்டமே உயிரித்தொகை. முதுமலையின் புள்ளிமான்கள் ஓர் உயிரித்தொகை. சென்னை கிண்டி தேசியப் பூங்காவின் புள்ளிமான்கள் இன்னொன்று. இரண்டும் ஒரே இனம்தான் என்றாலும், நடுவே கிடக்கும் ஊர்களையும் சாலைகளையும் தாண்டி ஒன்றோடொன்று கலக்க வழியில்லாததால், ஓரிடத்தில் நிகழும் ஏற்றமோ இறக்கமோ மற்றதைத் தொடுவதில்லை. ஒரே பரப்பில் வாழும் பல இனங்களின் உயிரித்தொகைகளைச் சேர்த்து உயிரிச் சமுதாயம் என்றும், அதனோடு மண், நீர், காற்று, வெயில் ஆகியவற்றையும் சேர்த்துச் சூழல் மண்டலம் என்றும் சொல்வர். பூங்காவின் வேலியைப் போல எல்லை தெளிவாக அமைவது அரிது. காற்றில் மகரந்தம் பறக்கும் புல்லுக்கோ கடலில் மிதந்து திரியும் மீன்குஞ்சுக்கோ எல்லையை ஆய்வாளர்தான் வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையை மாற்றும் காரணங்கள் எத்தனை?

வறட்சி, நோய், வேட்டை, உணவுப் பெருக்கம் என்று நூறு காரணங்களைச் சொல்லலாம். ஆனால் அவை அனைத்தும் பிறப்பு, இறப்பு, உள்வருகை, வெளியேற்றம் என்னும் நான்கு வழிகளில்தான் எண்ணிக்கையைத் தொட முடியும். எது எந்த வழியாக வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வெறும் எண்ணை வைத்துப் பேசுவதால்தான் இத்துறையில் பாதிக் குழப்பங்கள் விளைகின்றன. மழைக்காலத்தில் வேடந்தாங்கல் ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் பெருகுவது முதலில் உள்வருகையால். குஞ்சுகள் பொரித்த பின்னரே பிறப்பு அதில் சேர்கிறது. அந்த நேரத்தில் ஏரியில் கூடியிருக்கும் நாரைகளைக் கண்டு நாட்டில் நாரைகள் பெருகிவிட்டன என்று முடிவு கட்ட இயலாது.

இனத்துக்கு இனம் வாழ்க்கைக் கணக்கும் வேறுபடும். யானை ஏறத்தாழ 22 மாதங்கள் சுமந்து பெரும்பாலும் ஒரே கன்றை ஈன்று பல ஆண்டுகள் காக்கிறது. பங்குனி ஆமை நூறு முட்டைகளுக்கு மேல்கூட மணலில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை முதிர்ச்சி அடையும் முன்பே மடிகின்றன. ஆகவே ஒரு வளர்ந்த யானையின் இறப்பும் ஓர் ஆமைக்குஞ்சின் இறப்பும் தத்தம் உயிரித்தொகைக்குச் செய்யும் இழப்பு ஒன்றல்ல.

காட்டு விலங்குகளை எப்படி எண்ணுகிறார்கள்?

ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறார்கள். ஒரு குளத்தில் 50 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுவதாகக் கொள்வோம். சில நாட்கள் கழித்து 60 மீன்களைப் பிடிக்கையில் அவற்றில் 10 மீன்களில் அடையாளம் இருந்தால், குளத்து மீன்களில் ஆறில் ஒரு பங்குக்கு அடையாளம் இருப்பதாகப் பொருள். எனவே மொத்தம் ஏறத்தாழ 300. இடைப்பட்ட நாட்களில் மீன்கள் வந்துபோகாமலும், அடையாளமிட்டவை வலைக்கு அஞ்சி ஒதுங்காமலும் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

புலிக்கு அடையாளமிடத் தேவையில்லை. ஒவ்வொன்றின் வரிகளும் வேறு என்பதால் தானியங்கிக் கேமராப் படங்களே போதும். இந்தியாவில் முன்பு காலடித் தடத்தைக் கொண்டு கணக்கெடுத்தபோது 2001-02இல் 3,642 புலிகள் என்றார்கள். முறையை மாற்றியபின் 2006இல் கிடைத்த மதிப்பீடு 1,411. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து நான்கே ஆண்டுகளில் இத்தனை புலிகள் மடிந்தன என்று எழுதுவது தவறு, ஏனெனில் இடையில் மாறியது அளவுகோல். கேமரா முறை வந்தபின் கிடைத்த எண்களைத் தமக்குள் ஒப்பிடலாம். 2022இன் மதிப்பீடு 3,682.

தடையே இல்லாவிட்டால் ஓர் இனம் எவ்வளவு வேகமாகப் பெருகும்?

20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரு பாக்டீரியா, பத்து மணி நேரத்தில் 107 கோடியைத் தாண்டிவிடும். பெருக்கல் முறையில் ஏறும் இந்த வளர்ச்சி, உணவும் இடமும் தாராளமாகக் கிடைக்கும் தொடக்கக் காலத்தில் மட்டுமே நீடிக்கும். மக்கள்தொகை இவ்வாறு ஏற முனைவதையும் உணவு அதற்கு ஈடுகொடுக்காததையும் மால்தஸ் 1798இல் எழுதினார். கூட்டம் நெருங்க நெருங்க வளர்ச்சி தளர்ந்து ஓர் அளவில் வந்து நிற்பதைப் பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் சமன்பாடாக்கினார். அந்த அளவே தாங்குதிறன் எனப்படுகிறது: குறிப்பிட்ட ஒரு சூழல் நீண்ட காலம் தாங்கக்கூடிய எண்ணிக்கை.

தாங்குதிறனைத் தாண்டினால் என்ன ஆகும்?

இதற்கு பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த ஒரு சிறிய நிலையத்தின் ஆட்களுக்கு நெருக்கடிக்கால உணவாகட்டும் என்று 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்து விட்டது. ஆட்கள் விரைவிலேயே வெளியேற, மான்கள் தங்கிவிட்டன. தீவில் ஓநாய் இல்லை. நிலமெங்கும், பாசிபோலப் படரும் லைக்கன் என்னும் உயிரி, பல்லாண்டு காலம் யாரும் மேயாமல் தடித்துப் படர்ந்திருந்தது. 1957இல் 1,350 ஆக இருந்த மான்கள் 1963இல் 6,000 ஆகின. அடுத்து வந்த குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. 1966இல் எண்ணியபோது எஞ்சியவை 42. அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் இனப்பெருக்கத்துக்கு உதவாதது. காலப்போக்கில் அந்தக் கூட்டம் முழுவதும் அற்றுப்போனது.

இக்கதையை மான்கள் பெருகின, தீனி தீர்ந்தது, மடிந்தன என்று சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். அதில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. முதலாவது, தாங்குதிறன் என்பது தீவின் மேல் எழுதி வைத்த மாறாத எண் அன்று. லைக்கன் மிக மெதுவாக வளர்வது; அதை மேய்ந்து தீர்த்தபோது மான்கள் அந்த எல்லையைத் தாண்டியதோடு நில்லாமல் எல்லையையே கீழே இறக்கிவிட்டன. இரண்டாவது, வீழ்ச்சிக்குப் பட்டினி மட்டுமோ பனி மட்டுமோ காரணமாகவில்லை. கொழுத்த மான்கள் அதே குளிரைப் பெருமளவில் கடந்திருக்கக்கூடும். மெலிந்த மான்களால் முடியவில்லை.

அடர்த்தியைச் சார்ந்த காரணி, சாராத காரணி என்று பிரிப்பது எதற்காக?

கூட்டம் நெருங்கும்போது தானும் கடுமையாகும் காரணி முதல் வகை: உணவுப் போட்டி, தொற்றுநோய், கூடுகட்ட இடமின்மை. புயல், கடுங்குளிர், காட்டுத்தீ ஆகியவை கூட்டத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை என்பதால் அவை இரண்டாம் வகை. எண்ணிக்கையை ஓர் அளவைச் சுற்றி நிறுத்திவைக்க வல்லது முதல் வகை மட்டுமே என்பதால் இந்தப் பிரிவினை பயனுள்ளது. ஆயினும் செயின்ட் மேத்யூவில் கண்டதுபோல இரண்டும் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன.

எண்ணிக்கை குறைந்தால் போட்டியும் குறையும். மிஞ்சியவை விரைவாகப் பெருகிவிடாதா?

ஓரளவு வரை அது உண்மை. அதற்கும் கீழே போனால் நிலைமை தலைகீழாகிறது. இணையைத் தேடிக் கண்டடைவது கடினமாகும். கூட்டமாக நின்று எதிரியைச் சமாளிக்கும் இனங்கள் காவலை இழக்கும். நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணைசேர்வதால் குறைபாடுள்ள குட்டிகள் பிறக்கும். அமெரிக்க உயிரியலாளர் ஆலீயின் பெயரால் இதை ஆலீ விளைவு என்பார்கள். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்து, பெருங்கூட்டமாகவே கூடுகட்டிவந்த பயணிப் புறாக்கள் வேட்டையாலும் காடழிப்பாலும் சிதறியபின், எஞ்சிய சிறு கூட்டங்களால் மீள முடியவில்லை. இனத்தின் கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது.

சுப்பீரியர் ஏரியின் நடுவே உள்ள ஐல் ராயல் தீவில் 1958 முதல் ஓநாய்களும் மூஸ் மான்களும் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. அங்கே மூஸ் மான்கள் ஏராளமாக இருந்தும் ஓநாய்கள் 2016இல் இரண்டாகக் குறைந்துவிட்டன. அந்த இரண்டும் தகப்பனும் மகளும். இரை இல்லாமையால் வந்த வீழ்ச்சி அன்று அது, உறவுக்குள் இணைசேர்ந்ததன் விளைவு. 2018, 2019 ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபிறகே அத்தீவில் மீண்டும் ஓர் ஓநாய்த் தொகை உருவாயிற்று.

இனங்களுக்கிடையிலான உறவுகளை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

உறவால் ஒவ்வொரு தரப்புக்கும் நன்மையா, தீமையா, இரண்டும் இல்லையா என்று பார்ப்பதே எளிய முறை. இரு தரப்புக்கும் நன்மை எனில் ஒன்றிவாழ்தல். இரு தரப்புக்கும் இழப்பு எனில் போட்டி. ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குத் தீமை எனில் கொன்றுண்ணல், தாவர உண்ணல், ஒட்டுண்ணி வாழ்வு. மேயும் மாட்டின் காலடியில் எழும்பும் வெட்டுக்கிளிகளை உண்ணிக்கொக்கு பிடித்துத் தின்பதுபோல, ஒன்றுக்கு நன்மையும் மற்றதற்கு ஏதுமில்லாமையும் இருந்தால் அது உடனுண்ணும் வாழ்வு. பெனிசிலியம் பூஞ்சை சுரக்கும் பொருளால் அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் மடிவதுபோல ஒன்று கெட்டு மற்றது பாதிப்பின்றி இருப்பதும் உண்டு.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. உயிரினங்கள் அதற்குள் அடங்கி நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஆப்பிரிக்காவில் எருமை, காண்டாமிருகம் ஆகியவற்றின் முதுகில் அமர்ந்து உண்ணிகளைத் தின்னும் பறவையை ஒன்றிவாழ்தலுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. அதே பறவை விலங்கின் புண்ணைக் கொத்தி ஆறவிடாமல் செய்து இரத்தமும் குடிக்கிறது. உண்ணி மிகுந்த காலத்தில் நண்பனாக இருப்பது, உண்ணி குறைந்த காலத்தில் ஒட்டுண்ணியாகிவிடக் கூடும். ஆகவே இந்த உறவு எந்த வகை என்று கேட்பதோடு, எந்தச் சூழ்நிலையில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரே உணவை நாடும் இரண்டு இனங்கள் சேர்ந்து வாழ முடியுமா?

எல்லா வகையிலும் ஒரே தேவை உள்ளவையாக இருந்தால் நெடுங்காலம் முடியாது என்பது ரஷ்ய அறிவியலாளர் காவுஸ் 1934இல் வெளியிட்ட சோதனைகளின் முடிவு. ஒரே குடுவையில் பரமேசியம் அவுரேலியா, பரமேசியம் காடேட்டம் என்னும் இரண்டு ஒருசெல் உயிரிகளை வளர்த்தபோது முதலாவது பிழைத்தது, இரண்டாவது அற்றுப்போனது. ஆனால் காடேட்டத்தை பர்சேரியா என்னும் மூன்றாவது வகையுடன் வளர்த்தபோது இரண்டுமே நிலைத்தன. ஒன்று மேலே மிதக்கும் பாக்டீரியாக்களையும் மற்றது அடியில் படியும் ஈஸ்ட்டையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதே காரணம். ஓர் இனம் எங்கே, எப்போது, எதை உண்டு, எவ்வாறு வாழ்கிறது என்பதன் மொத்தத்தையே அதன் சூழல் நிலை என்கிறோம்.

குடுவைக்கு வெளியேயும் இதைக் காட்டியவர் ஜோசப் கானல். ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் ஒருவகைக் கொட்டலசு (ஓடுடைய சிறு கடலுயிரி) மேல்பகுதியிலும் இன்னொரு வகை கீழ்ப்பகுதியிலும் ஒட்டி வாழ்வதைக் கண்ட அவர், கீழே இருந்ததைச் சுரண்டி அகற்றினார். மேலே இருந்த வகை கீழேயும் செழித்து வளர்ந்தது. கீழ்ப்பகுதி அதற்கு ஒவ்வாத இடமாக இருக்கவில்லை, போட்டியாளரே அதை ஒதுக்கி வைத்திருந்தது. மறுபுறம், கீழ் வகை மேலே ஏற முடியாமைக்குக் காரணம் போட்டி அன்று. நீர் வடிந்தபின் உலர்வதை அதனால் தாங்க முடியாது. 1961இல் வெளிவந்த இந்த ஆய்வு இத்துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. சுரண்டுகோலும் பொறுமையுமே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

கொன்றுண்ணிதான் இரையின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறதா?

கனடாவின் பனிமுயலும் அதைத் தின்னும் லிங்க்ஸ் பூனையும் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை சேர்ந்தே ஏறி இறங்குவதை ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் தோல் வணிகப் பதிவேடுகள் காட்டுகின்றன. முயல் பெருகப் பூனை பெருகுகிறது, பூனை பெருக முயல் குறைகிறது, பின்னர் பூனையும் குறைகிறது. லோட்கா 1925இலும் வோல்டெரா 1926இலும் தனித்தனியே எழுதிய சமன்பாடுகளும் இத்தகைய அலையையே தருகின்றன. விளக்கம் முடிந்தது என்றுதான் பலரும் கருதினார்கள்.

ஆனால் லிங்க்ஸ் இல்லாத தீவுகளிலும் முயல்கள் ஏறி இறங்கியதாகத் தகவல்கள் இருந்தன. இதைச் சோதிக்க சார்லஸ் கிரெப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் யூகான் பகுதியின் க்ளுவானியில் ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள பரப்புகளைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தனர். கொன்றுண்ணிகள் நுழையாதபடி வேலியிட்ட பரப்பில் முயல்களின் அடர்த்தி ஏறத்தாழ இரு மடங்கும், கூடுதல் தீனி போட்ட பரப்பில் மூன்று மடங்கும் ஆனது. வேலியும் தீனியும் சேர்ந்த பரப்பிலோ அது பதினோரு மடங்கானது. இரண்டையும் தனித்தனியே கூட்டினால் இந்த அளவு வராது. பசித்த முயல் அபாயமான இடத்திலும் மேயத் துணிந்து எளிதில் சிக்குகிறது. பூனைக்கு அஞ்சிப் பதுங்கும் முயல் பசியால் மெலிந்து குறைவாக ஈனுகிறது. எனவே பூனையா, பசியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே பொருந்தாது.

ஒட்டுண்ணிக்கும் கொன்றுண்ணிக்கும் என்ன வேறுபாடு?

கொன்றுண்ணி தன் வாழ்நாளில் பல இரைகளைக் கொல்கிறது; ஒட்டுண்ணி பெரும்பாலும் தனக்கு இடமும் உணவும் தரும் ஒரே உயிரியை, அதாவது விருந்தோம்பியை, கொல்லாமல் அதிலேயே வாழ்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரே பூச்சியினுள் வளர்ந்து முடிவில் அதைக் கொன்றுவிட்டு வெளிவரும் ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ளன. தமிழ்நாட்டு உழவர்கள் அவற்றின் வேலையைக் கண்கூடாகக் கண்டிருக்கிறார்கள்.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவி இரண்டே ஆண்டுகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. பூச்சி மட்டும் கடல் கடந்து வந்தது, அதைத் தாயகத்தில் அடக்கிவைத்திருந்த எதிரிகள் உடன் வரவில்லை. மேலே படிந்த மெழுகு மாவு மருந்தை உள்ளே விடாது. தெளித்த மருந்தோ உள்ளூர் எதிரிகளான பொறிவண்டுகளையும் கொன்றது. 2010இல் அசெரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று குளவி இனங்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு, பெங்களூரில் ஆராயப்பட்டபின் வயல்களில் விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருமளவில் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கிறது. சில மாதங்களிலேயே தாக்குதல் பெரிதும் தணிந்தது. மாவுப்பூச்சி இன்றும் இருக்கிறது, குளவியும் இருக்கிறது. இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் நிலைத்திருப்பதே இந்த முறையின் வெற்றி.

ஆலமரத்துக்கும் குளவிக்கும் என்ன உறவு?

ஆலம்பழம் என்று நாம் சொல்வது, நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பூங்கொத்து. அதன் சிறு துளைக்குள் பெண் குளவி சிறகுகள் முறிய நெருக்கி நுழைந்து, கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. முதலில் வெளிப்படும் சிறகற்ற ஆண்கள் பெண்களுடன் இணைசேர்ந்து வெளியேறும் வழியைக் குடைந்து தர, இளம் பெண்கள் மகரந்தத்தோடு வேறு மரத்தைத் தேடிப் பறக்கின்றன. ஆல், அரசு, அத்தி என்று இக்குடும்ப மரங்கள் பெரும்பாலும் தமக்கே உரிய குளவியை நம்பியிருக்கின்றன. வளர்ந்த குளவி ஓரிரு நாட்களே உயிரோடிருப்பதால், எப்போதும் எங்கோ ஒரு மரம் காய்த்துக்கொண்டிருந்தாக வேண்டும். வேறு பழம் கிடைக்காத மாதங்களில் பறவைகளும் வௌவால்களும் குரங்குகளும் பிழைப்பது இதனால்தான்.

இந்த உறவிலும் ஏமாற்றுவோர் உண்டு. மகரந்தம் சுமக்காமல், வெளியிலிருந்தே நீண்ட முட்டையிடும் ஊசியைச் செருகி முட்டையிட்டுப் போகும் குளவிகளும் அதே காயில் வளர்கின்றன.

எண்ணிக்கையில் குறைந்த ஓர் இனம் முழுச் சமுதாயத்தையும் மாற்ற முடியுமா?

முடியும். வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறை ஒன்றில் 1963 முதல் ராபர்ட் பெயின் நட்சத்திர மீன்களை மட்டும் விடாமல் அகற்றிவந்தார். அதன் முதன்மை இரையான மட்டிச்சிப்பிகள் பாறை முழுவதையும் அடைத்துக்கொள்ள, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. இத்தகைய இனத்தை ஆதார இனம் என்கிறோம். கொன்றுண்ணியை எடுத்தால் இரையினங்கள் எல்லாம் செழிக்கும் என்ற எதிர்பார்ப்பை இச்சோதனை பொய்யாக்கியது.

நம் நாட்டில் பாறு கழுகுகளின் வீழ்ச்சி இதனோடு சேர்த்துப் பேசத்தக்கது. 1990களில் தொடங்கி, இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பகுதி மறைந்தது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்தே காரணம் என்பது 2004இல் வெளியான ஆய்வால் உறுதியாகி, 2006இல் அதன் கால்நடைப் பயன்பாடு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அது. பாறுகள் உண்ணும் கால்நடைச் சடலங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இத்தகைய வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டுள்ளனர். பாறுகள் விட்டுச்சென்ற சடலங்களை உண்டு தெருநாய்கள் பெருகின. தமிழ்நாட்டில் இன்று பாறுகளுக்கு முக்கியப் புகலிடம் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

அப்படியானால் எந்தப் பூச்சிக்கும் வெளிநாட்டு எதிரியைக் கொண்டுவந்து விடலாமா?

கூடாது. பப்பாளி மாவுப்பூச்சியில் வெற்றி கிடைத்ததற்குக் காரணம், விடப்பட்ட குளவிகள் மிகக் குறுகிய விருப்பம் கொண்டவை என்பதும், அது முன்கூட்டியே சோதிக்கப்பட்டது என்பதும்தான். கரும்பு வண்டை ஒழிக்கும் என்று 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கரும்புத் தேரை, வாயில் அகப்பட்ட எதையும் தின்னும் இனம். வண்டுகள் கட்டுப்படவில்லை; தேரைகள் நாட்டின் வடபகுதியெங்கும் பரவி, அவற்றைக் கடித்த குவோல் போன்ற உள்ளூர் விலங்குகள் தேரையின் நஞ்சால் மடிந்தன. பசிபிக் தீவான மூரியாவில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிப்பதற்காக 1977இல் விடப்பட்ட ஓநாய் நத்தை, இலக்கை விட்டுவிட்டு, தீவுக்கே உரிய சிறிய பார்ட்டுலா நத்தைகளைப் பத்தே ஆண்டுகளில் காட்டிலிருந்து துடைத்தெடுத்தது. விலங்குக் காட்சிச்சாலைகளில் வளர்த்துக் காத்த சில பார்ட்டுலா இனங்களை இப்போது மீண்டும் பசிபிக் தீவுகளில் விட்டுவருகிறார்கள்.